தைலமரத்துச் சாமி

அந்த மரம் எங்களுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது விழுந்த பிறகு வந்தவன் போனவன் எல்லாம் "ஒங்க மரமா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துப்போயிருக்கிறது. மரம் தேயிலைத் தோட்டத்து மரம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், மழைத்தண்ணீர் ஓடுகிற தோட்டத்துக் கானுக்கு மேலே நின்றது. சாய்ந்தது மட்டும் எங்கள் பக்கம்.

வீடு பதுளை டவுனைத் தாண்டி, ஸ்பிரிங்வெளி பஸ் மூச்சு வாங்க ஏறுகிற பாதையோரத்தில் இருந்தது. அப்பா லொறி ஓட்டினார். வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றி, பதுளையில் பாதி இறக்கி, மிச்சத்தை மொனராகலைக்குக் கொண்டுபோவார். லொறி டவுனில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியுடையது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் பிறந்தவர்கள். லயத்தை விட்டு வெளியே வந்து சொந்தமாகக் காணித்துண்டும் வீடும் வாங்கியவர்கள் எங்கள் சாதிசனத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. வீடு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் தகரம் போட்ட ஒரு அடுப்படி, வாசலில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு இஸ்தோப்பு.

அம்மாவுக்கு அந்த வீடு உயிர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் போய்விடும். புருசன் பெண்சாதி பேச்சு முழு லயத்துக்கும் கேட்கும். "இங்க கதவ சாத்துனா நம்ம சத்தம் நம்மளோடயே இருக்குது" என்பாள். வேறு எதற்கும் அவள் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தைலமரம் எத்தனை வயசு என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு விறகுக்காக வரிசையாக நட்டதில் மற்றதெல்லாம் வெட்டுப்பட்டு, இது ஒன்று மட்டும் தப்பி நின்றது. அடியில் ஒரு ஆள் கைவிடும் அளவுக்குப் பொந்து. பொந்துக்குள் கறையான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் உள்ளே எதுவோ கடகடவென்று உருளும். ஒருமுறை பட்டுப்போன கிளை ஒன்று முறிந்து எங்கள் கக்கூசுத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். அண்ணாந்து பார்த்தால் மட்டும் கிளை நின்றுவிடுமா என்ன.

அப்பா தோட்டத்து ஒபீசுக்கு நடையாய் நடந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது, ஸ்டோருக்கு விறகு முடியும்போது பார்க்கலாம் என்று கிளாக்கர் சொல்லி அனுப்பினார். பிறகு தோட்டங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்தது. துரை போனார், புதுத் துரை வந்தார். அவர் போய் இன்னொருவர் வந்தார். கடைசியாக வந்தவருக்கு அந்தக் கான் தோட்டத்தோடு சேர்ந்ததா, ரோட்டோடு சேர்ந்ததா என்றே சந்தேகம். அளந்து பார்க்க வேண்டும் என்றார். அளக்க வருகிறவர் வரவில்லை. மரம் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில்தான் அம்மா ஆற்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். வழவழவென்று, உரித்த தேங்காய் அளவில் ஒரு கல். கழுவி மஞ்சள் பூசி, மரத்தடியில், பொந்துக்கு நேர் முன்னால் வைத்தாள். மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினாள். கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டாள். முனியாண்டியாம். எங்கள் பக்கம் விழாமல் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

தைலமரத்துக்கு யாராவது சாமி வைப்பார்களா என்று நான் சிரித்தேன். லயத்துப் பக்கம் அப்படித்தான், பயப்படுகிற இடத்தில் எல்லாம் ஒரு கல் இருக்கும். மண் சரிகிற இடத்தில் ஒன்று, பிள்ளை தவறி விழுந்த பாலத்தடியில் ஒன்று. அப்பாவும் சிரித்தார். "தொரைக்கிட்ட மனு குடுத்து ஆகல, இப்ப முனிக்கிட்ட மனு குடுக்கிறியாக்கும்" என்றார். சிரித்தவர் அடுத்த வாரம் கராஜிலிருந்து ஒரு சூலத்தோடு வந்து நின்றார். லொறியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையை வெட்டி, நெருப்பில் காய்ச்சித் தட்டி, அவரே செய்தது. தண்டில் பட்டையின் போல்ட்டுத் துளை அப்படியே தெரிந்தது. "தொள இருந்தா பரவாயில்ல, முனி கோவிச்சுக்காது" என்று சொல்லிக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். அப்பா கையால் செய்த பொருள் என்று எங்கள் வீட்டில் வேறு எதுவும் கிடையாது. அவர் கைக்கு ஸ்டேரிங் பிடிக்க மட்டும்தான் தெரியும் என்று அம்மா கேலி செய்வாள்.

வருசா வருசம் ஆடியில் பொங்கல் வைத்தோம். முதல் வருசம் நாங்கள் மட்டும். பிறகு மேல் லயத்திலிருந்து சின்னம்மா வந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. அம்மாவோடு ஒரே நிரையில் நின்று வருசக்கணக்காகக் கொழுந்து எடுத்தவள், அதனால் எனக்குச் சின்னம்மா. அவள் வந்தால் அவளோடு நாலு பேர் வருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி, காணாமல் போன மாடு கிடைத்தது என்று ஒருவன். எலுமிச்சம்பழம், தப்பு, சேவல் என்று அது தோட்டத்துச் சாமி மாதிரியே ஆகிவிட்டது.

இன்சூரன்ஸ் விசயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். முதலாளி லொறிக்கு இன்சூரன்ஸ் போட்டபோது வந்த ஆள், வீட்டுக்கும் போடலாம், நெருப்பு, புயல், மரம் விழுவது எல்லாவற்றுக்கும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மரம் என்ற சொல்லே போதுமாக இருந்தது. உடனே போட்டுவிட்டார். லயத்தில் இருந்த மாமா, அம்மாவுடைய அண்ணன், கேள்விப்பட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லொறிக்குப் போட்டா சரி. வீடு என்ன ரோட்டுல ஓடவா போவுது?" ஆக எங்கள் மரத்துக்கு, மன்னிக்கவும், தோட்டத்து மரத்துக்கு இரண்டு காவல். ஒரு பக்கம் முனி, ஒரு பக்கம் இன்சூரன்ஸ்.

அப்பா செத்தது மரத்தால் அல்ல. வெலிமடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி லொறிப் படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அம்மா அழுதாள். நான் அழுதேனா என்று நினைவில்லை. வந்தவர்களுக்கு எல்லாம் தேத்தண்ணி ஊற்றியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் டவுன் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன், அம்மா ஆடு வளர்த்தாள். இன்சூரன்ஸை மட்டும் அம்மா விடவில்லை. அரிசி வாங்காத மாசத்தில்கூட அதைக் கட்டினாள்.

அப்பா போன அடுத்த வருசம், யாரும் கேட்காமலே, மரத்தை வெட்ட ஆட்கள் வந்தார்கள். யார் அளந்தார்களோ, எந்தத் துரை கையெழுத்துப் போட்டாரோ தெரியாது. ஒரு காலையில் மரம் அறுக்கிற பெரிய வாளும் கயிறும் கோடாலியுமாக மேல் லயத்து ஆட்கள் கானைத் தாண்டி வந்து நின்றார்கள். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீரே வைத்துவிட்டாள்.

அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். கல்லையும் சூலத்தையும் பார்த்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் போன ஆடிக்கு எங்களோடு பொங்கல் தின்றவர்கள். ஒருவனுக்கு அந்தச் சாமி புண்ணியத்தில்தான் பிள்ளை பிறந்திருந்தது. அவன் எப்படி அதில் கோடாலி வைப்பான்?

அம்மா கெஞ்சினாள். கல்லைத் தானே எடுத்துவிடுவதாகவும், முனியிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், பாவம் வந்தால் தன் தலையிலேயே வரட்டும் என்றும் சொன்னாள். அப்படியெல்லாம் எடுக்கக் கூடாதாம். பூசாரி வந்து, நாள் பார்த்து, வேறு இடம் கேட்டு, அதற்குப் பிறகுதானாம். தீபாவளி கழியட்டும், செய்துவிடலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒபீசில் போய் என்ன சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா மரத்தடியில் கோவில் வைத்திருக்கிறார், வெட்ட முடியவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்களாம்.

விழாமல் இருக்க வைத்த சாமி, வெட்டாமலும் காப்பாற்றிவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மாவைத் திட்டலாமா என்று நினைத்தேன். அவள் அடுப்படியில் கழுவிய கிளாசுகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

தீபாவளி கழிந்தது. பூசாரி வருவதற்குள் புயல் வந்தது.

கிழக்கே கடல் பக்கம் பெரிய அழிவு என்று பிறகு ரேடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது அதன் வால்தானாம். வாலே அப்படி. மத்தியானத்துக்கு மேல் காற்று பிடித்தது. நானும் அம்மாவும் ஆடுகளை முன்னறைக்குள் ஏற்றிக்கொண்டு, தையல் மிசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மரம் விழுந்த சத்தம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். எனக்குச் சொல்லத் தெரியாது. காற்றின் இரைச்சலில் தனியாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. தரை ஒருமுறை அதிர்ந்தது. பிறகு அடுப்படிப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. அங்கே வெளிச்சம் வர வழியே இல்லையே என்று நினைத்துக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்படி இல்லை. பின்னறையும் இல்லை. கதவு இருந்த இடத்தில் இலை. எங்கே பார்த்தாலும் ஈரமான, நீளமான இலை. சளிக்குப் பூசுகிற தைலத்தின் வாசம் குப்பென்று அடித்தது. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அப்பா நெஞ்சில் தேய்த்துவிடும் வாசம். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "சோறு உள்ள இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் மழை விட்டதும் மாமா வந்தார். சுற்றிப் பார்த்தார். சிரிக்கிற மனுசன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. லயத்துக்கு வந்துவிடச் சொன்னார். அவருடைய ஒரே காம்பராவில் அவரும் மாமியும் பிள்ளைகளும், நடுவில் துணி கட்டினால் எங்களுக்கும் இடம் கிடைக்குமாம். வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமாம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா முந்தானையால் மழைத்தண்ணியைத் துடைத்துக்கொண்டே, "கூர வரும்ணே. நான் அங்க வரல" என்றாள். கூரை எங்கிருந்து வரும் என்று மாமா கேட்கவில்லை. இன்சூரன்ஸைத் தவிர வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

சின்னம்மாவும் வந்தாள். வேலை முடிந்ததும் தினமும் வந்து, உடைந்த ஓடுகளையும் மண்ணையும் கூடையில் அள்ளி வெளியே கொட்டினாள். நாங்கள் முன்னறையில் சமைத்தோம், முன்னறையில் தூங்கினோம், ஆடுகளும் அங்கேயேதான். வெயில் ஏற ஏறத் தைல வாசம் கூடிக்கொண்டே போனது. சோற்றிலும் அந்த வாசம், துணியிலும் அந்த வாசம். கடைக்காரர் ஒருவர் ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் தைத்தீர்களா என்று கேட்டார்.

விழுந்த மரத்தின் அடியில் கல் அசையாமல் இருந்தது. சூலமும் நேராக நின்றது. மரம் அதற்குப் பின்னால் பெயர்ந்து, அதைத் தாண்டி எங்கள் மேல் விழுந்திருந்தது.

முதலாளி இரண்டு தரம் இன்சூரன்ஸ் ஒபீசுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆள் வரப்போகிற அன்று காலையில் அவர் முன்னதாகவே வந்து, இஸ்தோப்பில் நின்றபடி அம்மாவிடம் விசயத்தைச் சொன்னார். தோட்டத்து ஒபீசில் விசாரித்திருக்கிறார்கள். வெட்ட ஆள் அனுப்பினோம், வீட்டுக்காரர்கள் கோவில் வைத்து மறித்துவிட்டார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆபத்தான மரம் என்று தெரிந்தும் வெட்டவிடாமல் செய்தது வீட்டுக்காரர் என்றால் ஒரு சதமும் கிடைக்காது. கோவில் தோட்டத்து ஆட்களுடையது என்றால் அது தோட்டத்தின் பாடு, எங்களுக்குப் பிரச்சினை இல்லை.

"வரப்போறவரு நல்ல மனுசன் தங்கச்சி. ஆனா கேக்க வேண்டியத கேப்பாரு. யோசிச்சுப் பேசு" என்றார் முதலாளி.

வந்தவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள், பண்டாரவளையில் குடியிருந்தார். குடையை மடக்கி இஸ்தோப்பில் சாத்தி வைத்துவிட்டு, இடிந்த சுவரை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அளந்தார். அடுப்பைப் பார்த்ததும் 'சா' என்று இரக்கப்பட்டார். பிறகு வேலியைத் தாண்டி மரத்தடிக்குப் போனார். நாங்களும் போனோம். சின்னம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அவர் பொந்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். குனிந்து சூலத்தைப் பார்த்தார். நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போல்ட்டுத் துளைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவருக்கு லொறிச் சாமான் தெரியுமோ என்னவோ. பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, இதை ஆர் வைச்சது? தோட்டத்துச் சனம்தானே?"

கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டார். 'ஆமாங்க' என்று ஒரு சொல் போதும். அம்மா சூலத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமாங்க. அவுங்க சாமிங்க. எங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

அவர் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். சின்னம்மா மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஆமாங்கய்யா. நாங்க வச்சதுதான். எங்க சாமி" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது, பயப்பட வேண்டாம் பிள்ளை என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பயமும் இல்லை, சந்தோசமும் இல்லை. அம்மா பொய் சொன்னாள் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒரு காரியம் முடிந்தது, உடைந்த ஓடுகளை அள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் கிடைத்தது. சுவர் எழுப்பினோம். பின்னறைக்கும் அடுப்படிக்கும் புதுத் தகரம் போட்டோம். முதல் மழை அதன்மேல் பெய்த அன்று அம்மா வேலையை எல்லாம் விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கதவைச் சாத்திப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

மரத்தை அறுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோகத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். கல் இருக்கும்வரைக்கும் விழுந்த மரத்திலும் வாள் வைக்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஆகவே கடைசியில் பூசாரியும் வந்தார், நாளும் பார்த்தார்கள். முனியை மேல் லயத்துக்குக் கொண்டுபோய், சனம் தண்ணி பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் வைப்பதென்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்படித்துக்கொண்டு சனம் வந்தது. கிளாக்கரும் வந்து கானுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கற்பூரம் காட்டினார்கள். கல்லை மஞ்சள் துணியில் சுற்றி ஒருவர் தலையில் வைத்தார்கள். சூலத்தைப் பிடுங்கியது சின்னம்மா. மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது, ஆட்டி ஆட்டித்தான் எடுத்தாள். எடுத்தவள் நேராகப் போகாமல் வேலிக்கு வந்தாள். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். சின்னம்மா சூலத்தை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தாள்.

"என்னக்கா, கொண்டு போகவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா செய்தது என்பது அவளுக்குத் தெரியும். முதல் தடவை பொங்கலுக்கு வந்தபோது போல்ட்டுத் துளையைக் காட்டி அவரைக் கேலி செய்தவளே அவள்தான். அம்மாவின் கை வேலிக் கம்பில் இருந்தது. கம்பைத் தாண்டினால் சூலம். கிளாக்கர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க சாமி. என்ட்ட எதுக்குக் கேக்குற?" என்றாள் அம்மா.

சின்னம்மா சூலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்பித் தப்புக்குப் பின்னால் நடந்தாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள், அம்மாவும் அவளோடு பேசினாள். அந்த ஒரு விசயத்தை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஆடி வந்தால் மேல் லயத்தில் தப்புச் சத்தம் கேட்கும். புதுத் தகரத்தின் கீழ் அது நன்றாகவே கேட்கும். அம்மா ஒருநாளும் அங்கே போகவில்லை. எங்கள் வீட்டில் பொங்கலும் வைக்கவில்லை.

சில வருசம் கழித்து, மாமா மகள் கலியாணத்துக்கு நான் மட்டும் மேல் லயத்துக்குப் போனேன். பீலிக்குப் பக்கத்தில் சாமிக்குச் சின்னதாக ஒரு கூரை போட்டிருந்தார்கள். சூலத்தின் மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம். தண்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். துளையை மட்டும் அடைக்கவில்லை. நான் விரலை விட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கலியாணக் கதையெல்லாம் சொன்னேன். சோறு, சேலை, மாப்பிள்ளை, மாமி அழுதது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "துருப் புடிச்சிருக்கா?" என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"இல்லம்மா. பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றேன்.

"ம்" என்றாள். கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்துவிட்டு, அரிசியை உலையில் போட எழுந்து போனாள்.